வரம்புக்குள் அடங்கும் விடைகள்

பெங்களூரு சிவாஜிநகரில் 1927ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரசல் சந்தை, காய்கறி, கனி, மலர் ஆகியவற்றின் விற்பனைக்குப் பெயர் பெற்றது. தமிழும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும் அச்சந்தைக்கு ஒரு மாணவி 120 ரூபாயுடன் செல்கிறாள் எனக் கொள்க. தக்காளி கிலோ 20 ரூபாய். வெங்காயம் கிலோ 30 ரூபாய். அவள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வாங்கலாம்?

இவ்வினாவிற்கு விடை ஒன்றன்று, பல. செலவு 120 ரூபாயாக இருக்கலாம், அதனினும் குறையலாம், மிகுதல் மட்டும் ஆகாது. தக்காளியின் எடையை த கிலோ எனவும் வெங்காயத்தின் எடையை வ கிலோ எனவும் குறித்தால், இந்நிபந்தனை 20த + 30வ ≤ 120 என அமையும். இருபுறமும் 10ஆல் வகுக்க, 2த + 3வ ≤ 12 எனச் சுருங்கும். இது ஒரு நேரிய அசமன்பாடு.

இதனை வரைபடத்தாளில் காட்ட, முதலில் எல்லைக்கோட்டை வரைதல் வேண்டும். கிடை அச்சில் தக்காளியையும் செங்குத்து அச்சில் வெங்காயத்தையும் குறிக்க. 2த + 3வ = 12 என்பதில் வ = 0 எனில் த = 6; த = 0 எனில் வ = 4. எனவே (6, 0), (0, 4) ஆகிய புள்ளிகளை இணைக்கும் நேர்கோடே எல்லை. வயலுக்கு வரப்பு போல, அக்கோடு தளத்தை இரண்டாகப் பிரிக்கிறது.

எப்பக்கம் விடை உள்ளது? கோட்டின்மேல் அமையாத ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும். ஆதிப்புள்ளி (0, 0)ஐ இட, 0 ≤ 12 என்பது உண்மை. ஆகவே ஆதிப்புள்ளி உள்ள பக்கமே விடைப்பகுதி, அதனை நிழலிடுக. எடை குறையெண் ஆகாது என்பதால், அச்சுகளுக்கும் கோட்டிற்கும் இடைப்பட்ட முக்கோணம் மட்டுமே எஞ்சும். (2, 2) அதனுள் உள்ளது. செலவு 100 ரூபாய். (4, 2) வெளியே உள்ளது. செலவு 140 ரூபாய். எடை போட்டபின் பணம் போதாமல் நிற்கும் நிலையை வரைபடம் முன்னரே உணர்த்திவிடுகிறது.

பேருந்துக் கட்டணத்திற்குச் சிறிதேனும் மீதம் வேண்டுமெனில், குறி < என மாறும். அப்போது கோட்டின்மேல் உள்ள புள்ளிகள் விடையாகா. இதனைக் காட்ட எல்லையை விட்டுவிட்டு வரைவர்.

பை 5 கிலோ மட்டுமே தாங்கும் எனில், த + வ ≤ 5 என்னும் இரண்டாம் நிபந்தனையும் சேரும். இரு நிழல்களும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியே இப்போது விடை. இரு கோடுகளும் (3, 2)இல் வெட்டுகின்றன. அங்கே பணமும் தீர்கிறது, பையும் நிறைகிறது.

< , > என்னும் குறிகள் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹேரியட்டின் நூலில், அவர் மறைவுக்குப்பின் 1631இல் அச்சேறின. இத்தகைய பகுதிகளின் மூலைகளை முறையாக ஆராய்ந்து சிறந்த விடையைக் காணும் வழியை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் டான்சிக் 1947இல் வகுத்தார். தொழிற்சாலைகளும் போக்குவரத்துத் துறையும் பெருந்திட்டங்களுக்குப் பயன்படுத்தும் இக்கணக்கின் தொடக்கம், சந்தைக்குச் செல்லும் மாணவியின் கையிலும் உள்ளது.

பயிற்சி: (1, 3), (6, 0) ஆகியவற்றுள் எது இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது? காரணம் கூறுக.