நிழலிற் படிந்த இருப்புப் பாதை

நிழல் என்னும் சொல் இருண்ட சாயலை மட்டுமே குறிக்கும் என எண்ணுவோர் பலர். பழந்தமிழ் வழக்கிலே அச்சொல்லுக்கு ஒளி என்றும் பொருளுண்டு; அருள் என்றும், கண்ணாடியில் தோன்றும் உருவம் என்றும் பொருளுண்டு. ஒளியே எழுதுகோலாக நின்று வரையும் படத்துக்கு நிழற்படம் என்று பெயரிட்டவர் யாரோ, அவர் சொல்லறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

என் பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவின் மேற்றிசையிலுள்ள கல்கரி நகரில் வாழ்கின்றார். விடுமுறை நாள்களில் ஊர்ப்புறங்களுக்குச் சென்று படம் பிடித்து, இடமும் நாளும் பின்புறத்திற் குறித்து எனக்கு அனுப்புவது அவர் வழக்கம். அவற்றிலே பனிமலைகளைக் காணேன். நீல ஏரிகளைக் காணேன். துருவேறிய தண்டவாளம், மரத்தூண்களின் மேல் நிற்கும் பாலம், வண்ணம் உதிர்ந்த பலகைக் கட்டடம் ஆகியவையே கண்டேன். “அழகிய மலைகள் இருக்க, இவை எதற்கு?” என்று வினவினேன். “ஐயா, மலைகள் அடுத்த ஆண்டும் இருக்கும், இவை இரா” என்று விடை வந்தது. அவ்விடையின் பொருளை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மனிற்றோபா, சஸ்கச்சுவான், அல்பேட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல் விரிந்து கிடக்கும். அச்சமவெளியிலே ஊர் இருப்பதை முதலில் அறிவிப்பது தானியக் கோபுரமாகும். நம் நாட்டு வழிப்போக்கன் கோயிற் கோபுரத்தைக் கண்டு ஊர் அணித்தென்று மகிழ்வது போல, அந்நாட்டு உழவன் அதனைக் கண்டு மகிழ்ந்தான். உழவன் குதிரை வண்டியிற் கொணர்ந்த தானியத்தை முதலில் நிறுப்பர். பின்னர்க் கீழுள்ள குழியிற் கொட்டுவர். கிண்ணங்கள் பூட்டிய நீண்ட வார் ஒன்று அதனை அள்ளி உச்சிக்கு ஏற்றும். அங்கிருந்து வகைக்கொன்றாகப் பத்தாயங்களில் விழும் தானியம், புகையிரதப் பெட்டி வந்து நின்றதும் தன் பாரத்தாலேயே கீழிறங்கி அதனை நிரப்பும். தானியக் குவியல் நீரைப் போலப் பக்கங்களை நெருக்கித் தள்ளும் இயல்புடையது. ஆதலால், பலகைகளை நிறுத்தாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து ஆணி அறைந்தே சுவரெழுப்பினர். அறுபது, எழுபது அடி உயர்ந்த மரக்கட்டடம் அவ்வளவு பாரத்தைத் தாங்கி நின்ற இரகசியம் இதுவே.

வண்டி ஒரே நாளிற் போய் மீள வேண்டும் என்ற கணக்கால், பாதை நெடுகிலும் ஏழெட்டு மைலுக்கு ஒன்றாக இவை எழுந்தன. 1933 ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை 5,700 க்கு மேற்பட்டிருந்தது. இன்று நிற்கும் மரக்கோபுரங்கள் சில நூறே. பார வண்டிகளும் நல்ல தெருக்களும் வந்தபின் உழவன் நெடுந்தூரம் செல்ல வல்லவனானான். பெருந்தொகையான தானியத்தை ஏற்கும் கொங்கிறீற்றுக் களஞ்சியங்கள் சில இடங்களில் எழுந்தன. 1897 ஆம் ஆண்டின் குரோஸ் நெஸ்ற் உடன்படிக்கை வழிவந்த தானியக் கட்டணச் சலுகை 1995 ஆம் ஆண்டில் முற்றும் ஒழிந்தது. அதன்பின் கிளைப்பாதைகள் பல விரைந்து மூடப்பட்டன. பாதை போயிற்று, பாதையை நம்பி நின்ற கோபுரமும் போயிற்று. கோபுரத்தின் சுவரிலேதான் ஊரின் பெயரைப் பேரெழுத்தில் எழுதியிருந்தனர். ஆகவே, அது விழுந்தபோது ஊரின் பெயரும் அடிவானத்திலிருந்து அழிந்தது.

சஸ்கச்சுவானிலுள்ள பிளெமிங் என்னும் சிற்றூரிலே 1895 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற கோபுரம் நூறாண்டுக்கு மேல் தன் இடத்திலேயே நின்றது. 2010 ஆம் ஆண்டு பெப்புருவரியில் அதனைத் தீ உண்டது. இன்று அதனைக் காண விரும்புவோர்க்குப் படமன்றி வேறு வழியில்லை. மனிற்றோபாவிலுள்ள இங்கிலிஸ் என்னும் ஊரில் மட்டும் ஐந்து கோபுரங்கள் ஒரே நிரையாக நிற்க, அவற்றைத் தேசிய வரலாற்றுத் தலமாகப் போற்றுகின்றனர். ஐயாயிரத்தில் ஐந்து! பொருளைக் காப்பது பெருஞ்செலவு. அதன் நிழலைக் காப்பது எளிது. நிழற்படம் பிடிப்போர் அந்நாட்டிற்குச் செய்யும் தொண்டு இதுவாகும்.

இதுவும் ஒரு கலையே. நண்பகல் வெயிலிலே பழம்பலகை வெறுஞ்சுவராகத் தோன்றும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் கதிரே ஒவ்வொரு பலகையின் இடுக்கையும் ஆணித்தலையையும் எடுத்துக் காட்டும். மாரிக்காலத்திலே ஞாயிறு நாள்முழுதும் தாழ்ந்தே செல்லும். நிலத்துப் பனி கண்ணாடி போல் ஒளியைத் திருப்பி நிழற்பக்கத்தையும் துலக்கும். குளிரைப் பொறுக்கும் விரல்கள் மட்டும் வேண்டும். அழகிய ஒரு பக்கத்தை எடுத்து மீள்வது வழிப்போக்கன் செயல். நான்கு பக்கங்களையும், சுவரெழுத்தையும், தண்டவாளம் சென்ற திசையையும் எடுத்து, நாளும் இடமும் குறித்து வைப்பவனே வரலாற்றுக்கு உதவுவான். புகையிரத நிலத்தில் அனுமதியின்றி அடிவைத்தல் குற்றமும் ஆபத்துமாகும் என்பதையும் அவன் மறத்தலாகாது.

பாலங்களின் கதை வேறு. அல்பேட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரருகே ஓல்ட்மன் ஆற்றுப் பள்ளத்தைக் கடக்கும் எஃகுப் பாலம் 1909 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. நீளம் 1,624 மீற்றர். உயரம் ஏறக்குறைய 96 மீற்றர். தாங்கும் எஃகுக் கோபுரங்கள் 33. இன்றும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. கீழிருந்து நோக்குவோர்க்கு நூறு பெட்டி பூட்டிய வண்டியும் எறும்பு நிரை போலவே தோன்றும். பாலத்தை மட்டும் எடுத்தால் அதன் பெருமை விளங்காது. வண்டி வரும்வரை காத்திருந்து எடுத்தாலே அளவு புலப்படும் என்று என் மாணாக்கர் எழுதியிருந்தார்.

பிரித்தானிய கொலம்பியாவிலே கெற்றில் பள்ளத்தாக்குப் பாதையை அமைத்த தலைமைப் பொறியியலாளர் அன்றூ மக்கலக் என்பவர். இவர் சேக்சுபியரின் நாடகங்களில் பெருங் காதலுடையவர். கொக்கிகாலா மலைப்பகுதியின் நிலையங்களுக்கு ஒதெல்லோ, லியர், போர்சியா, யெசிக்கா, உரோமியோ, யூலியட் என்று நாடக மாந்தர் பெயர்களையே சூட்டினார். வஞ்சகனாகிய இயாகோவுக்கும் ஒரு நிலையம் கொடுத்தார்! பனிச்சரிவும் வெள்ளமும் ஓயாது தாக்க, அப்பகுதி 1961 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. அதே பாதையின் மைரா மலையிடுக்கிலே பதினெட்டுப் பாலங்கள் இருந்தன. 2003 ஆம் ஆண்டிற் பரவிய காட்டுத்தீ அவற்றுள் பன்னிரண்டு மரப்பாலங்களை எரித்தது. எஃகுப் பாலங்கள் இரண்டும் பழுதுற்றன. வண்டி ஓடாத பாதைதானே என்று அந்நாட்டார் வாளா இருந்தாரல்லர். 2008 ஆம் ஆண்டளவில் அனைத்தையும் மீளக் கட்டி, நடப்போர்க்கும் துவிச்சக்கர வண்டியோர்க்கும் உரிய வழியாக்கினர்.

இனி, இப்படங்களுக்கெல்லாம் மூத்த படம் ஒன்றைக் காண்போம். 1885 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள், கிரேகலாக்கி என்னும் மலையிடத்திலே கனேடிய பசுபிக் புகையிரதப் பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. அலெக்சாந்தர் றொஸ் என்பவர் எடுத்த அப்படம் அந்நாட்டுப் பாடநூல்களிற் பலமுறை பதிப்பிக்கப்பட்டது. வெண்டாடியுடைய டொனால்ட் சிமித் குனிந்து சம்மட்டியைப் பிடித்திருக்கின்றார். அவர் பின்னே உயர்ந்த தொப்பியுடன் சான்போட் பிளெமிங் நிற்கின்றார். எட்வேட் மலந்தெயின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பெரியோரிடையே புகுந்து எட்டிப் பார்க்கின்றார். அழைப்பின்றி வந்த இளைஞருக்கும் படத்திலே இடமிருந்தது.

இடமில்லாதவர் யாவர்? அம்மாகாணத்திலே பாறையைப் பிளந்து பாதை வெட்டிய சீனத் தொழிலாளர் ஏறத்தாழப் பதினையாயிரவர். வெடியாலும் மண்சரிவாலும் நோயாலும் மாண்டோர் பல நூற்றுவர். நாட்கூலி ஒரு டொலர். வெள்ளையர் பெற்றதோ அதனினும் மிகுதி. அவர்களுள் ஒருவர் முகமும் அப்படத்தில் இல்லை. பாதை முற்றுப்பெற்ற அதே 1885 ஆம் ஆண்டிலே, நாட்டினுள் வரும் சீனர்மீது ஐம்பது டொலர் தலைவரி விதித்தனர். 1903 ஆம் ஆண்டில் அவ்வரி ஐந்நூறு டொலராயிற்று. 1923 முதல் 1947 வரை அவர் வரவே தடுக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டிலேதான் கனேடிய அரசு அத்தலைவரிக்காக மன்னிப்புக் கேட்டது.

நிழற்படம் பொய் சொல்வதில்லை என்பர். றொஸ் எடுத்த படமும் பொய் சொல்லவில்லை. அங்கு நின்றோரையே காட்டிற்று. ஆயினும், நிறுத்தப்பட்டோர் யார், விலக்கப்பட்டோர் யார் என்று அது தானாக உரைப்பதில்லை. அதனை உரைக்க எழுத்து வேண்டும். எழுத்தும் நிழலும் கூடினாலன்றி வரலாறு நிறைவுறாது.

இக்கருத்தை என் மாணாக்கருக்கு எழுதினேன். இடமும் நாளும் குறித்தாய், நன்று. உழைத்தோரையும் ஒரு வரியாற் குறிப்பாயாக என்று கேட்டேன். சில கிழமைகள் கழித்து ஒரு படம் வந்தது. பிரேசர் ஆற்றின் செங்குத்தான கரையிலே, பாறையைக் குடைந்து செல்லும் தண்டவாளம், கீழே கலங்கிய நீர், மனிதர் எவருமிலர். திருப்பிப் பார்த்தேன். இடமும் நாளும் வழக்கம்போல் இருந்தன. அவற்றின்கீழ்ப் புதிதாக ஒரு வரி: “இப்பாதையை வெட்டியவர் சீனர், பெயர்கள் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.”