ஆண்டாள் கோஷ்டியும் பெண் தலைமையும்: புதுவை வாசிப்புகளை முன்னிட்டு ஒரு விளக்கம்

1915ஆம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'ஆர்யா' என்னும் ஆங்கில மாத இதழில் ஆண்டாளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையும், அவள் பாசுரங்கள் சிலவற்றின் மொழிபெயர்ப்பும் இடம்பெற்றன. மொழிபெயர்த்தவர் ஸ்ரீ அரவிந்தர். தமிழ் மூலத்தை அணுகுவதற்கு, அப்போது அவ்வூரிலேயே வாழ்ந்த பாரதியாரின் துணை அவருக்கு இருந்தது. ஆழ்வார்களின் பெயரையே அறியாத ஆங்கில வாசகர்களுக்கு ஆண்டாளை அறிமுகப்படுத்திய முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. ஆயினும் எந்தப் பாசுரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். குயிலை நோக்கிய பதிகம், கனவில் கண்ட திருமணத்தைத் தோழிக்கு உரைக்கும் பதிகம், தன்னை வடமதுரைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சுற்றத்தாரை வேண்டும் பதிகம் ஆகிய மூன்றும் நாச்சியார் திருமொழியைச் சேர்ந்தவை. திருப்பாவையிலிருந்து ஒரு பாட்டும் எடுக்கப்படவில்லை. அவ்விதழ் வழியே ஆண்டாளை அறிந்தவர்களுக்கு அவள் தன்னந்தனியே உருகிய காதலியாகவே தோன்றியிருப்பாள்.

57 ஆண்டுகளுக்குப் பின், 1972இல், அதே ஊரில் உள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனத்தின் வெளியீடாக, அதனை 1955இல் நிறுவிய ழான் ஃபிலியொஸா திருப்பாவையைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். ஓர் ஊரிலிருந்து இரண்டு ஆண்டாள்கள் வெளியுலகம் சென்றார்கள். ஒருத்தி தனியே புலம்புகிறாள். மற்றொருத்தி ஊர்ப் பெண்களையெல்லாம் எழுப்பிக்கொண்டு புறப்படுகிறாள். ('ஆர்யா'வின் தொடக்க காலத்தில் அவ்வட்டத்தில் இருந்த அன்னை மிர்ரா 1926 முதல் ஆசிரமத்தைத் தாமே நடத்தினார். பெண் தலைமைக்குப் புதுவை அறிந்த பெரிய எடுத்துக்காட்டு அது. ஆயினும் அது வேறு மரபாதலின் இங்கு விரிக்கப்படவில்லை.)

நம் பூர்வர்களுக்கு இவ்விருவரும் ஒருத்தியே. ஆனால் அவர்கள் ஒரு முறைமை கொள்கிறார்கள். திருப்பாவையில் கோஷ்டியோடு கூடி நோன்பு நோற்று, அடிமையே புருஷார்த்தம் என்று அறுதியிட்ட பின்பும் அப்பேறு உடனே கைகூடாமையால் ஆற்றாமை மிக்கு, தனக்குத் தகாத காமதேவன் காலிலும் விழும்படியான நிலை பிறந்தது என்பது நாச்சியார் திருமொழிக்கு அவர்கள் கொள்ளும் ஸங்கதி. தனிமை அவளுக்குப் பின்னர் நேர்ந்தது. முதலில் அவளைக் காண்பது கோஷ்டியின் நடுவில். இம்முறைமையைப் பிரித்து, பின்னதை மட்டும் ஆண்டாள் என்று கொண்டால் அவளுடைய தலைமை கண்ணுக்குப் படாமல் போகும்.

அத்தலைமையின் இயல்பு எத்தகையது என்பதற்குத் திருப்பாவை வ்யாக்யானங்களே சான்று. பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு ஈறாக உள்ள பத்தையும் பத்துப் பெண்களை எழுப்பும் பாட்டுகளாகக் கொள்கின்றன. ஆயர்பாடியின் ஐந்து லக்ஷம் குடிகளுக்கும் இப்பத்துப்பேர் உபலக்ஷணம் என்பது நிர்வாஹம். விடிவதற்குமுன் நீராடப் போகிறவர்கள் விழித்தவர் மட்டும் போயிருக்கலாம், பேறும் கிடைத்திருக்கும். அப்படிப் போகாமல் வாசல்தோறும் நிற்பதற்குக் காரணம், பகவதநுபவம் தனியே அநுபவிக்கத் தக்கதன்று என்பதே. எட்டாம் பாட்டில் இது இன்னும் தெளிவாகிறது. முன்னே புறப்பட்டுவிட்ட மற்றப் பெண்களை இவர்கள் தடுத்து நிறுத்திவைத்து, உறங்குகிற ஒருத்தியின் வாசலுக்கு வருகிறார்கள். ஒருத்தியை விட்டுப் போவதைவிட எல்லாரும் நின்று தாமதிப்பது மேல் என்று அந்தக் கோஷ்டி முடிவு செய்திருக்கிறது.

ஏழாம் பாட்டில் உறங்குகிறவளைக் கூட்டத்தின் நாயகி என்று அழைக்கிறாள் ஆண்டாள். அதே பாட்டில் அறிவு கெட்டவள் என்று கடியவும் செய்கிறாள். தலைவி உறங்குகிறாள், பின்செல்ல வேண்டியவர்கள் வந்து எழுப்புகிறார்கள். பதினாலாம் பாட்டில் வருகிறவளோ, நானே முன்னம் எழுந்து உங்களை எழுப்புவேன் என்று வாய்விட்டுச் சொன்னவள். சொன்ன சொல் அவளுக்கு நினைவூட்டப்படுகிறது. தலைமை என்பது பிறரால் கேள்வி கேட்கப்படாத இடம் என்னும் எண்ணத்துக்கு இப்பாட்டுகளில் இடமே இல்லை. இங்கு ஒருவரையொருவர் கடிந்துகொள்வது உறவின் மிகுதி என்றே பூர்வர்கள் கொண்டார்கள்.

பதினைந்தாம் பாட்டு உள்ளிருப்பவளும் வெளியே நிற்பவர்களும் மாறி மாறிப் பேசுவதாக அமைந்தது. வெளியிலிருந்து வரும் கடுமொழிக்கு முதலில் எதிர்மொழி கூறிய அவள், பிறகு குற்றம் தன்னுடையதே ஆகட்டும் என்று ஏறட்டுக்கொள்கிறாள். திருப்பாவை முழுவதற்கும் உயிரான பாட்டு இது என்று வ்யாக்யாதாக்கள் இதனைக் கொண்டாடியதற்குக் காரணம் இந்த ஒரு சொல்லே. தன்னிடம் இல்லாத குற்றத்தையும் ஒரு பாகவதர் சொன்னால் இல்லை செய்யாமல் இசைவது ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம். ஆண்களும் பெண்களும் கற்கவேண்டிய இந்த லக்ஷணத்துக்குப் பெயர் தெரியாத ஓர் இடைப்பெண்ணே ப்ரமாணம் ஆனாள். இது சிறு செய்தியன்று. எனினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. குற்றத்தை ஏற்பது பெண்ணுக்கு உரிய பணிவு என்று இப்பாட்டைக் கொண்டு சொல்வோர் உண்டு. வ்யாக்யானத்தின் கருத்து அதுவன்று. கோஷ்டியில் சேருகிற எல்லார்க்கும் இது பொது.

அடுத்து வாசல் திறக்கும் இடம். பதினாறாம் பாட்டில் வாயில் காப்போரையும், பதினேழில் நந்தகோபன், யசோதை, பலதேவர் ஆகியோரையும் எழுப்பிய பின்னும் காரியம் முடியவில்லை. நப்பின்னைப் பிராட்டி தன் கையால் கதவைத் திறக்கவேண்டும். பிராட்டியை விட்டுப் பெருமாளைப் பற்ற நினைத்த சூர்ப்பணகையும், பெருமாளை விட்டுப் பிராட்டியைப் பற்ற நினைத்த இராவணனும் பட்ட பாட்டை இவ்விடத்தில் நினைவூட்டுவது வழக்கம். பதினெட்டாம் பாட்டில் எம்பெருமானாருக்கு இருந்த ஈடுபாடு ப்ரஸித்தம். அதனை அநுஸந்தித்துக்கொண்டு மாதுகரத்துக்கு எழுந்தருளியபோது, ஆசார்யன் திருமகளார் வளை ஒலிக்கக் கதவு திறக்க, அவளையே நப்பின்னையாகக் கண்டு மோஹித்தார் என்பர். அப்பெண் பெரிய நம்பியின் குமாரத்தி அத்துழாய் என்று ஒரு சாராரும், திருக்கோட்டியூர் நம்பியின் குமாரத்தி என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள்.

புருஷகாரத்தின் ஏற்றத்தைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தின் தொடக்கத்திலேயே நிலைநாட்டுகிறார்: ஸ்ரீராமாயணம் சிறையிலிருந்த பிராட்டியின் ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்பது அவர் நிலை. மணவாள மாமுனிகள் இதனை விரிக்கும்போது, தேவ மாதர்களின் சிறையை விடுவிப்பதற்காகப் பிராட்டி தானே சிறைபுகுந்தாள் என்றும், கிணற்றில் விழுந்த குழந்தையை எடுக்கத் தானும் குதிக்கும் தாயின் செயல் போன்றது அது என்றும் காட்டுகிறார். அசோகவனத்தில் அவள் இருந்த இருப்பு, இதன்படி, அபலையாக அகப்பட்ட இருப்பு அன்று.

இக்கருத்து நூலளவில் நின்றுவிட்டதா என்று கேட்பது நியாயமே. புதுச்சேரி வட்டாரத்துத் திருபுவனையில் உள்ள முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு (1048) 260 மாணாக்கருக்கும் 12 ஆசிரியருக்கும் ஏற்பட்ட கல்விக் கட்டளையைச் சொல்கிறது. அக்காலத்து வேதபாடசாலைகளில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. ஆகவே பெண்களின் ஞானத்தைத் தேடுகிறவர் கல்வெட்டை விட்டுக் குருபரம்பரைக் கதைகளுக்கு வரவேண்டும். அக்கதைகள் நடக்கும் இடம் தெரு, திண்ணை, சமையல்கட்டு.

அத்துழாயை முன்பே கண்டோம். மாறனேர் நம்பிக்குப் பெரிய நம்பி சரம கைங்கர்யம் செய்ததை ஊரார் பொறுக்கவில்லை. சாதியைச் சொல்லி அவர் திருமாளிகையை விலக்கிவைத்தார்கள். பெருமாள் திருத்தேரில் எழுந்தருளி அத்தெருவில் வந்தபோது அத்துழாய் வெளியே வந்து, ஆணையிட்டு அதனைத் தடுத்தாள் என்றும், தேர் நகராமல் நின்றபின்னரே ஊரார் நம்பியின் பெருமையை உணர்ந்தார்கள் என்றும் பரம்பரைக் கதை வழங்குகிறது. பின்னர் சோழன் அவையில் கூரத்தாழ்வானோடு பெரிய நம்பி கண்ணிழந்தபோதும் உடன் இருந்தவள் அவளே.

கொங்குப் பிராட்டியின் வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. பஞ்சத்தால் ஊரைவிட்டுத் திருவரங்கம் வந்த இப்பெண், மாதுகரம் எடுக்கும் ஒரு துறவியின் காலில் பெரியோரும் விழுவதைக் கண்டு, அவரையே நிறுத்திக் காரணம் கேட்டாள். பகவத் விஷயமாக இரண்டு வார்த்தை சொன்னதே காரணம் என்று உடையவர் அருள, அவ்வார்த்தை எனக்கும் வேண்டும் என்றாள். த்வயத்தைப் பெற்றாள். ஊர் திரும்பும் வேளையில் அது மறந்துபோக, கூசாமல் மறுபடி கேட்டுப் பெற்றாள்; அவர் பாதுகைகளையும் வாங்கிச் சென்றாள். ஆண்டுகள் சென்றபின் சோழனுக்குத் தப்பி வெள்ளை உடுத்து மேற்கே வந்த உடையவரும் சிஷ்யர்களும் பசியோடு அவள் வாசலில் நின்றார்கள். அறியாத இடத்தில் அமுது செய்யத் தயங்கியவர்களிடம் தன் ஆசார்ய ஸம்பந்தத்தைச் சொன்னாள். பிறகு வந்தவர்களின் திருவடிகளை ஒவ்வொன்றாக நோக்கி, காஷாயம் இல்லாத நிலையிலும் எம்பெருமானாரை இன்னார் என்று கண்டுகொண்டாள்.

இக்கதையை விருந்தோம்பலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்துவதே பெரும்பாலும் நடக்கிறது. அதனால் கதையின் பாதி போய்விடுகிறது. கேட்டவள் அவள், மறந்ததை ஒப்புக்கொண்டவள் அவள், ஒரு கோஷ்டி முழுவதும் நாடிழந்து நின்றபோது, அடையாளம் தெரியாமல் இருந்த ஆசார்யனை அடையாளம் கண்டவளும் அவளே.

திருக்கோளூர்ப் பெண்பிள்ளையிடம் எம்பெருமானார் வினவியதும் இவ்வகையினதே. எல்லாரும் புகும் ஊரைவிட்டு நீ புறப்படுவது ஏன் என்று அவர் கேட்க, 81 பாகவதர்களின் செயல்களைச் சொல்லி, இவற்றில் ஒன்றும் செய்யாத நான் இங்கு இருந்து பயன் என்ன என்றாள். தேவகி, யசோதை, திரௌபதி, பட்டர்பிரான் மகளாராகிய ஆண்டாள், கொங்குப் பிராட்டி ஆகியோர் அவள் வரிசையில் இருக்கிறார்கள். இராவணனை அழித்த செயலை அவள் பெருமாளுக்குச் சொல்லாமல் பிராட்டிக்குச் சொல்கிறாள். பிற்காலத்தில் பிள்ளை லோகாசார்யர் நூலாக்கிய கருத்தை ஊர் எல்லையில் நின்ற ஒரு பெண் வாயில் வைக்கிறது ஸம்ப்ரதாயம். உடையவர் அவளை விடைகொடுத்து அனுப்பவில்லை. அவள் அகத்துக்கே எழுந்தருளி அவள் சமைத்ததை அமுதுசெய்தார்.

இன்று திவ்யதேசங்களில் சேவாகால கோஷ்டி பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்கள் வீட்டிலும் மண்டலிகளிலும் சொல்கிறார்கள். மார்கழியில் புதுச்சேரியின் தெருக்களிலும் மற்றத் தமிழூர்களிலும் திருப்பாவையை நெஞ்சில் வைத்திருப்பவர்களில் பெண்கள் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பாட்டு பெண்களிடமும் பொருள் உபந்யாஸகரிடமும் இருப்பது வழக்கமாகிவிட்டது. மணிப்ரவாள நடையும் க்ரந்த எழுத்தும் முன்பு தடையாக இருந்தன. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியரின் திவ்யார்த்த தீபிகையும், திருவாய்மொழிக்குப் புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கமும் வந்தபின் அத்தடையைக் காரணமாகச் சொல்வதற்கில்லை.

பெண்களைப் போற்றுவது என்று ஆடிப்பூரத்தன்று மாலை சாற்றிப் பிரிவதைவிட, ஒரு மண்டலி தானே வ்யாக்யானம் வாசிக்கத் தொடங்குவது அவள் கோஷ்டிக்கு நெருங்கியது. முப்பது பாட்டையும் முதல் ஆண்டிலேயே முடிக்கவேண்டியதில்லை. ஏழு, எட்டு, பதினாலு, பதினைந்து ஆகிய நான்கு பாட்டுகளுக்கு முதலில் தீபிகையையும், பிறகு மூவாயிரப்படியையும், அது பழகியபின் ஆறாயிரப்படியையும் எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் இடைமறித்துக் கேட்கலாம். அடுத்த நாள் வாசிப்பவள் வேறொருத்தியாக இருக்கலாம்.