எலும்பின் தேய்வும் தாவர ஈஸ்ட்ரோஜனும்

நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் மெல்லிய குரலில் இறைஞ்சியதைச் சூரா மர்யம் எடுத்துரைக்கின்றது. அப்பிரார்த்தனையில் முதுமையின் அடையாளங்களாக இரண்டு கூறப்படுகின்றன. ஒன்று எலும்பின் தளர்ச்சி. மற்றொன்று தலையின் நரை. நரையை எல்லோரும் காண்கின்றோம். எலும்பின் தேய்வையோ எவரும் காண்பதில்லை.

சகோதரிகளே! எலும்பு உயிரற்ற கல்லன்று. பழைய எலும்பை அரித்தகற்றும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதனுள் இடைவிடாது பணிபுரிகின்றன. அரிக்கும் அணுக்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு. மாதவிடாய் நின்றதும் இச்சுரப்பு குறைகின்றது. கட்டுவதை அரிப்பது மிஞ்சிவிடுகின்றது. வலி ஏதும் தோன்றாது. ஒளூச் செய்யுமிடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பலருக்கும் உண்மை புலனாகின்றது.

சுரப்பையே மாத்திரையாக உண்டால் என்ன? 2002-ல் வெளியான அமெரிக்க மகளிர் நல ஆய்வு இதற்கு விடை தந்தது. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து உண்ட பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மிகுந்தன. எனவே பலருடைய நாட்டம் தாவரங்களின்பால் சென்றது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

சோயா மொச்சையில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்னும் பொருள்கள் உள்ளன. இவற்றின் அமைப்பு ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், அச்சுரப்புக்குரிய பூட்டில் இவையும் ஓரளவு பொருந்துகின்றன. ஆனால், சாவி நுழைந்தால் மட்டும் போதுமா? கதவு திறக்க வேண்டுமல்லவா?

இவ்வகைப் பொருளை ஒட்டி ஆய்வகத்தில் செய்யப்பட்ட இப்ரிஃப்ளேவோன் என்னும் மருந்தை ஐரோப்பாவில் 474 பெண்களிடம் சோதித்தனர். அது எலும்புத் தேய்வைத் தடுக்கவில்லை; சிலருக்கு இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை குறைந்தது என 2001-ல் அறிவித்தனர். 2007-ல் இத்தாலியிலிருந்து நற்செய்தி வந்தது. 389 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், நாளொன்றுக்கு 54 மில்லிகிராம் ஜெனிஸ்டீனை இரண்டாண்டுகள் உண்டவர்களின் எலும்பு அடர்த்தி கூடியது. ஆனால் 2011-ல் வெளியான மியாமி நகர ஆய்வில், 248 பெண்களுள் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோன் கொடுத்தும் தேய்வு நிற்கவில்லை.

இம்முரண்பாட்டிற்குக் காரணங்கள் சில கருதப்படுகின்றன. கொடுத்த பொருளும் அளவும் வேறு. மேலும், டெய்ட்சீனை ஈக்குவால் என்னும் ஆற்றல்மிகு பொருளாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் இல்லை. எவ்வாறாயினும், எலும்பு முறிவு குறையும் என்று இம்மூன்று ஆய்வுகளுள் எதுவும் நிறுவவில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, "தாவர ஹார்மோன்" என்னும் விளம்பரத்தை நம்பி, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களும் தைராய்டு மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் சோயா மாத்திரைகளைத் தொட வேண்டா. உணவாகச் சோயா உண்பது வேறு. செறிவூட்டிய மாத்திரை வேறு.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் துணை புரியும். நோன்புக் காலத்தில் இவற்றை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் பகிர்ந்துகொள்ளலாம்.

அச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். உடல் மறைத்து வெளியே செல்லும் நம் பெண்களுக்கு, பிறர் பார்வை படாத மாடியிலோ முற்றத்திலோ கைகால்களில் சிறிது நேரம் வெயில் படுவது நன்று. அன்றாட நடையும் எலும்புக்கு உரமாகும்.

இளம் வயதிலேயே மாதவிடாய் நின்றவர்களும், சூலகம் அகற்றப்பட்டவர்களும், சிறு விழுகைக்கே எலும்பு முறிந்தவர்களும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும். தேய்வைக் குறைக்கும் தக்க மருந்துகள் இன்று உள்ளன.

இதைப் படிக்கும் ஆண்மக்களே! உங்கள் தாயார் தமக்கென்று எதையும் கேட்கமாட்டார்கள். நீங்களே முன்வந்து அழைத்துச் செல்லுங்கள். ஒளூச் செய்யுமிடத்தின் வழுக்கலை இன்றே போக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்துங்கள். வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களின் எலும்புகளுக்கு வலிமையை நல்குவானாக! ஆமீன்.