உங்களுக்குத் தெரியுமா? தார் பாலைவனத்தின் பறவைக் காலண்டர்

பாலைவனம் என்றதும் ஒட்டகமும் மணல்மேடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காவுக்கு ஒரு பைனாகுலரோடு போய்ப் பாருங்கள், அந்த எண்ணம் மாறிவிடும். பருவத்துக்குப் பருவம் அங்கே வந்து போகும் பறவைகள் எத்தனை! அவற்றைப் பற்றிய சில செய்திகள், பறவைகளின் காலண்டர்படி.

இடம்

● பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகப் பெரிய காப்பிடங்களில் இதுவும் ஒன்று. ஊர் முழுக்க ‘தேசியப் பூங்கா’ என்று அழைத்தாலும் சட்டப்படி இது வனவிலங்கு சரணாலயம். உள்ளே பல கிராமங்கள் இருக்கின்றன. ஆடு மாடு மேய்ப்பவர்களும் கானமயில் என்ற பெரிய பறவையும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள்.

● இத்தனை பெரிய பூங்காவில் மணல்மேடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சரளைக்கல் வெளி, பாறை, வறண்ட உப்பு ஏரிப் படுகை, புல்வெளி. ‘சேவண்’ என்கிற புல்தான் இந்த நிலத்தின் உயிர். வேர் ஆழமாக இறங்கி மணலைப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்குத் தீவனமும் அதுதான், கானமயிலுக்கு மறைவிடமும் அதுதான்.

● ராஜஸ்தானின் மாநில மரமான ‘கேஜ்ரி’ வேறு எதுவும் இல்லை, நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். மரங்கள் அருகிய இந்த வெளியில் கழுகும் வல்லூறும் உட்கார்ந்து நோட்டம் விடவும் கூடு கட்டவும் வன்னியைத்தான் நம்பியிருக்கின்றன.

செப்டம்பர் – அக்டோபர்: வழிப்போக்கர்களின் காலம்

● வலசை வரும் பறவைகள் எல்லாமே இந்தியாவில் தங்குவதில்லை. ஐரோப்பியப் பனங்காடை மத்திய ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் ராஜஸ்தானையும் குஜராத்தையும் கடந்து செல்கிறது. சில வாரங்கள்தான் கண்ணில் படும். இந்த வழிப்போக்கர்களைப் பார்ப்பதற்கென்றே இந்த இரண்டு மாதங்களில் மேற்கு இந்தியாவுக்கு வரும் பறவை ஆர்வலர்கள் உண்டு.

● ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் பலோதி நகரத்தை ஒட்டி கீச்சன் என்ற கிராமம் இருக்கிறது. மங்கோலியா உள்ளிட்ட பகுதிகளிலிருந்து டிமாய்செல் கொக்குகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்குகின்றன. உள்ளூரில் இவற்றுக்குக் ‘குர்ஜா’ என்று பெயர். ஊர்க்காரர்களே வேலியிட்ட திடலில் தானியம் இறைத்து, பல பத்தாண்டுகளாக இவற்றுக்கு விருந்து வைக்கிறார்கள். உலகின் கொக்கு இனங்களில் மிகச் சிறியது இதுதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இமயமலையைத் தாண்டி வருகிறது!

● 2025 ஜூன் மாதம் கீச்சன், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாலைவனத்து ஊர் ஒன்றுக்கு ஈரநில மதிப்பு கிடைத்ததில் அந்த மக்களின் விருந்தோம்பலுக்கும் பங்கு உண்டு.

நவம்பர் – பிப்ரவரி: திருவிழா

● பகலில் இதமான வெயில், இரவில் நீர் உறையும் அளவுக்கு நெருங்கும் குளிர். இதுதான் தார் பாலைவனத்தில் பறவை பார்க்க மிகச் சிறந்த காலம். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே களத்தில் இருக்க வேண்டும்.

● குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் ஏழு வகைப் பாறு கழுகுகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவை இந்த நாட்டிலேயே வாழ்பவை. யூரேசியப் பாறு, இமயமலைப் பாறு, கருநிறப் பெரும்பாறு ஆகியவை வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள். கருநிறப் பெரும்பாறு இறக்கையை விரித்தால் நுனிக்கு நுனி ஏறக்குறைய 3 மீட்டர்.

● இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1990களுக்குப் பிறகு 99 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. மாட்டுக்குப் போட்ட ‘டைக்ளோபினாக்’ வலிநிவாரணிதான் காரணம். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. 2006-ல் இந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தது. செத்த மாட்டை வெளியில் விடும் வழக்கம் இன்னும் தொடர்வதால் தார் பகுதி பாறுகளுக்கு முக்கியமான புகலிடம்.

● கானமயிலின் சொந்தக்காரப் பறவை ஒன்றும் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. அதன் பெயர் மெக்குவீன் கானமயில். மணலின் நிறமே அதன் நிறம். ஆபத்தை உணர்ந்தால் பறக்காமல் தரையோடு தரையாகப் படுத்துவிடும். கண் முன்னால் இருந்தாலும் தெரியாது.

● 1970களின் இறுதியில் அரபு நாட்டு விருந்தினர்கள் வல்லூறுகளோடு ஜெய்சல்மேருக்கு வந்து இந்தப் பறவையை வேட்டையாடினார்கள். ராஜஸ்தான் மக்கள் கொதித்தெழுந்து போராடினார்கள், வேட்டை நின்றது. அதன் தொடர்ச்சியாக 1980-ல் ஜெய்ப்பூரில் கானமயில் இனங்களுக்கென்றே ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது.

● தரையில் ஓடும் சின்னஞ்சிறு பறவை ஒன்று தன் மார்பைப் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு இடமும் வலமும் அசைகிறதா? அது ஸ்டோலிஸ்கா புதர்ச்சிட்டு. உலகிலேயே இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு வறள்நிலங்களில்தான் இது வாழ்கிறது. இந்தப் பெயருக்குரிய பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய செக் நாட்டில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர், அரியலூர் – திருச்சி பகுதியின் கிரெட்டேசியக் காலக் கடல்வாழ் புதைபடிவங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியவர். 1874-ல் லடாக் பகுதியில் பயணத்தின்போதே இறந்தார்.

● குளிர்காலத்தில் காணாமல் போகும் ஒரு ஆளும் உண்டு: முள்வால் ஓணான். வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே உறங்கிவிடும். வெயில் ஏறும் மாதங்களில் அது வெளியே வந்ததும் லகர் வல்லூறுக்கும் கழுகுகளுக்கும் கொண்டாட்டம்.

மார்ச் – ஜூன்: நெருப்புக் காலம்

● 2016 மே 19 அன்று பலோதியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. குளிர்காலத்தில் குர்ஜாக்கள் வந்து இறங்கும் அதே பலோதிதான். கொக்குகள் மார்ச் மாத வாக்கிலேயே கிளம்பிவிடுகின்றன. போக இடமில்லாத உள்ளூர்ப் பறவைகளுக்குத்தான் சோதனை.

● அந்தச் சோதனையில் வியக்க வைப்பது கல்கவுதாரி. விதைகளைத் தின்று வாழும் இந்தப் பறவைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஆனால் குஞ்சுகள் தரையில், தண்ணீருக்கு வெகு தொலைவில் இருக்கும். அப்பா என்ன செய்யும் தெரியுமா? காலையில் குளத்துக்குப் போய் வயிறு நனைய இறங்கி நின்று, உடம்பை மேலும் கீழும் ஆட்டும். அதன் வயிற்று இறகுகளின் நுண்ணிழைகள் காய்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும், நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பறந்து வந்து நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் அடியில் புகுந்து, ஈர இறகை அலகால் உருவி உருவிக் குடிக்கும்.

● 1896-லேயே மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தான் வளர்த்த கல்கவுதாரிகளிடம் இதைப் பார்த்து எழுதினார். பலர் நம்பவில்லை. 1967-ல் கேட், மக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் இதை உறுதிசெய்தார்கள். அவர்கள் ஆராய்ந்த நமக்குவா கல்கவுதாரி இனத்தின் இறகுகள் 25 மில்லிலிட்டர் அளவுக்கு நீரை ஏந்துகின்றன.

● கொண்டலாத்தி வானம்பாடிக்கு நீண்டு வளைந்த அலகு. மணலைத் தோண்டிப் புழு பூச்சி எடுக்கும். நடந்து போகும்போது மண்ணோடு மண். செங்குத்தாக மேலே எழும்பிப் பாடும்போதுதான் இறக்கையின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று தெரியும். சவூதி அரேபியாவில் இந்தப் பறவை நண்பகல் வெயிலுக்குத் தப்ப முள்வால் ஓணானின் உறவுக்கார இனம் தோண்டிய வளைக்குள் புகுந்துகொள்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஜூலை – ஆகஸ்ட்: புல் முளைக்கும் நேரம்

● ஜெய்சல்மேரில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அது போதும். சேவண் புல் துளிர்க்கும், வெட்டுக்கிளியும் வண்டும் பெருகும். பறவைகளின் வீட்டில் விசேஷம் தொடங்கும்.

● குளிர்கால விருந்தாளி என்று நாம் நினைக்கும் சூறைக்குருவி, மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து முடித்த கையோடு ஜூலையிலேயே மேற்கு இந்தியாவுக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. வெட்டுக்கிளியைத் தின்பதில் இதற்கு இணையில்லை. தமிழ்நாட்டுச் சோளக்காடுகளுக்குக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் அதே பறவைதான்.

● கானமயில் ஆடுவதை இந்தப் பருவத்தில் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை. பறக்கக்கூடிய பறவைகளில் உலகின் மிகக் கனமானவற்றுள் ஒன்று. சேவல் மேடான இடமாகப் பார்த்து நிற்கும். தொண்டைப் பை காற்றால் உப்பி, வெள்ளை வெளேரென்று கால்களுக்கு முன்னால் தொங்கும். வால் மேலே எழுந்து முதுகின் மேல் விரியும். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த குரல். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவர்களுக்கும் கேட்கும்.

● அத்தனை ஆட்டத்துக்கும் பலன் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. கூடு கூடக் கிடையாது, வெறும் தரைதான். பெட்டை ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். நாயோ நரியோ எடுத்துவிட்டால், மாடு மிதித்துவிட்டால் அந்த ஆண்டின் உழைப்பே போய்விடும்.

எந்தப் பருவத்திலும் மறக்கக் கூடாதவை

● கானமயில் ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை பரவியிருந்தது. 1969-ல் சுமார் 1,260 என்று மதிப்பிடப்பட்டது. இன்று இயற்கையில் எஞ்சியிருப்பவை 150-ஐ ஒட்டித்தான், பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்தில். 2011-லிருந்து ‘அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனம்’ என்ற பட்டியலில் இருக்கிறது.

● நாட்டின் தேசியப் பறவையாகக் கானமயிலை அறிவிக்கலாம் என்று பரிந்துரைத்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1963-ல் அந்த இடம் மயிலுக்குப் போனது. கானமயில் இன்று ராஜஸ்தானின் மாநிலப் பறவை. அங்கே அதற்குப் பெயர் ‘கோடாவண்’.

● இன்று இதன் முதல் எதிரி மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னால் உள்ளது சரியாகத் தெரியாது. கம்பி தெரிந்தாலும் அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. சூரிய மின்சக்தியும் காற்றாலையும் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதை மாற்றி, தீர்வு காண ஒரு நிபுணர் குழுவை அமைத்தது.

● நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2019-ல் ஜெய்சல்மேரை அடுத்த சாம் கிராமத்தில் கானமயில் இனப்பெருக்க மையம் தொடங்கியது. இந்திய வனவிலங்கு நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் இணைந்து நடத்துகின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் கானமயில் குஞ்சு பிறந்தது.

போக நினைப்பவர்களுக்கு

● சாம் மணற்குன்றுகள் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கானமயிலைப் பார்க்கப் பலரும் போவது சுதாசரி பகுதிக்கு. பாகிஸ்தான் எல்லைக்கு அருகில் என்பதால் சில இடங்களுக்கு முன் அனுமதி தேவை. உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். நிலத்தை அவருக்குத் தெரியும், பறவை இருந்தால் கிடைக்கும் வருமானமும் அவருடையதாகும்.

● வண்டித் தடத்தை விட்டு ஜீப்பை இறக்காதீர்கள். சக்கரத்தின் கீழே முட்டை இருக்கலாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கோடையில் கல்கவுதாரி தண்ணீர் எடுக்கும் குளத்தின் கரையில் போய் உட்காராதீர்கள். உங்களைப் பார்த்து அது இறங்காமல் திரும்பினால், எங்கோ சுடுமணலில் அதன் குஞ்சுகள் தாகத்தோடு காத்திருக்கும்.

● மரம் இல்லாத நிலமெல்லாம் பயனற்ற தரிசு என்ற எண்ணம்தான் இந்தியப் புல்வெளிகளுக்குப் பெரிய கேடு. சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், சந்தேகமில்லை. அதை எங்கே அமைப்பது, கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கும்போது கானமயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு இழந்ததை ஈடுகட்ட நேரம் போதாது. புல்வெளியைக் காப்பாற்றினால்தான் கானமயில் பிழைக்கும்.