விஷம் முறிந்த பின்னர்

"மருந்து குடித்துவிட்டார்!" என்று பழைய தென்னாற்காட்டுக் கிராமங்களில் யாராவது ஓடிவந்து சொன்னால், என்ன மருந்து என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துதான். உயிரைக் காப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் நம் பேச்சில் ஒரே பெயர் அமைந்திருப்பது விந்தைதான்.

பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. சுற்றிலும் கரும்பு, மணிலா, முந்திரி. விவசாயம் நடக்கும் வீடுகளில் பரண்மேலோ, கட்டிலுக்கு அடியிலோ, மாட்டுக் கொட்டகையின் மாடத்திலோ ஒரு பூச்சிமருந்துப் புட்டி இருப்பது சகஜம். இப்படிப்பட்ட ஒரு வீட்டில், ஏதோ ஒரு மாலையில், ஒருவர் அந்தப் புட்டியைத் திறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டி வருகிறது. விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரி முதல் படி. நிலைமை மோசமானால் கடலூருக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுபோவார்கள்.

எங்கே கொண்டுபோனாலும், இராப்பகலாக அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கப்போகிறவர் ஒரு நர்ஸ். டாக்டர் வருவார், பார்ப்பார், எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். நர்ஸ் போகமுடியாது.

இந்த ஒரு நோயாளிக்காக அந்த நர்ஸ் இரண்டு வித்தைகள் கற்றிருக்க வேண்டும். ஒன்று, அபாய நிலையில் இருக்கும் உடம்பைக் காப்பது. மற்றொன்று, வாழ்க்கையே வேண்டாம் என்று புட்டியைத் திறந்த மனத்தைக் காப்பது. நம் நர்ஸ் பயிற்சியிலோ இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள். நடப்பது வெவ்வேறு மாதங்களில், பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களில். இரண்டையும் ஒரே கட்டிலில் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு, பயிற்சி முடிந்து வேலைக்கு வந்த இளம் பெண்ணின் தலையில் விழுகிறது.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கு!

முதலில் உடம்பைப் பார்ப்போம். பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வகை மிகப் பொல்லாதது. கண்மணி குண்டூசித் தலை அளவு சுருங்கும். வாயில் எச்சில் பெருகி வழியும். உடம்பெல்லாம் வியர்வை, தசைகள் துள்ளும், நாடி தளரும், நெஞ்சில் நீர் கோத்து மூச்சு திணறும். கிராமத்தில் வாந்தி எடுக்கவைப்பதற்காகச் சாணிக் கரைசலையோ, சோப்புத் தண்ணீரையோ புகட்டி அனுப்புகிற வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் விஷத்தோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

நர்ஸ் முதலில் கையுறை போடவேண்டும். நோயாளியின் துணியைக் களைந்து, உடம்பையும் தலைமுடியையும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஏனென்றால் இந்த விஷம் தோல் வழியாகவும் ஏறும், கழுவுகிறவருக்கும் ஏறும். பிறகு அட்ரோபின் ஊசி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து, போதவில்லையென்றால் அளவை இரட்டித்துக்கொண்டே போகவேண்டும். மார்பில் அந்த நீரொலி நிற்கவேண்டும், நாடி 80-க்கு மேல் ஏறவேண்டும். மிஞ்சிவிட்டாலோ வேறு தொல்லை. காய்ச்சல் அடிக்கும், தோல் வறண்டு சிவக்கும், மூத்திரம் கட்டும், நோயாளி பிதற்றிக்கொண்டு போர்வையைப் பிடித்து இழுப்பார். விஷத்தின் பிதற்றலா, மருந்தின் பிதற்றலா, அல்லது குடிகாரருக்குச் சாராயம் கிடைக்காததால் வந்த பிதற்றலா? வித்தியாசத்தை முதலில் காணவேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்தான்.

இரண்டாம் நாள் நோயாளி கண் விழிக்கிறார். பேசுகிறார். உறவினருக்குச் சந்தோஷம். இந்த இடத்தில்தான் பயிற்சி பெற்ற நர்ஸுக்கும் பெறாதவருக்கும் உள்ள வேற்றுமை தெரியும். பயிற்சி பெற்றவர், "எங்கே, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள், பார்க்கலாம்" என்பார். தூக்க முடியவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். கழுத்துத் தசை தளர்ந்தால் அடுத்துத் தளரப்போவது மூச்சுத் தசை. சில மணி நேரத்தில் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படலாம். விஷம் உட்கொண்ட ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் வரும் இந்தத் தளர்ச்சியை 1987-ல் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் இலங்கையைச் சேர்ந்த செனநாயக, கரல்லியத்த என்ற இரு டாக்டர்கள். ஒரு கருவியும் வேண்டாத சோதனை, ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காது. இதைத் தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதும் ஓர் உயிரின் விலை.

ஐந்தாம் நாள்

சரி, தப்பிவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றுகிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: "பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா?" சில ஆஸ்பத்திரிகளில் ஊழியர்களும் சேர்ந்து பாடுவதுண்டு. இரண்டு நாளில் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்த வீட்டுக்கு? அதே பரண் இருக்கும் வீட்டுக்கு.

மனநல நர்ஸிங் பாடம் வேலை செய்யவேண்டிய வேளை இது. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயல்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அந்தப் பாடம் சொல்கிறது. ஆகவே நர்ஸ் கேட்கவேண்டும், சுற்றி வளைக்காமல், தாழ்ந்த குரலில், உறவினர் இல்லாத நேரத்தில் கேட்கவேண்டும்: "இப்போதும் சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்டதே பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது என்று அழுகிறவர்கள்தான் மிகுதி.

போலீஸ் பயம் வேறு. வழக்கு வந்துவிடும் என்று குடும்பத்தார் "தவறிக் குடித்துவிட்டார்" என்றே சாதிப்பார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனநெருக்கடிக்கு ஆளானவராகக் கருதவேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய குற்றச் சட்டத் தொகுப்பிலும் பழைய 309-வது பிரிவு முந்தைய உருவில் இல்லை. இந்தச் சேதியைக் கட்டிலருகே எடுத்துச் சொல்ல நர்ஸைவிடத் தகுந்தவர் யார்?

இன்னொன்றும் அவர் கேட்கலாம்: "வீட்டில் பூச்சிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" அற்பமான கேள்வி அல்ல. இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னை சிநேகா ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். விவசாயிகளின் பூச்சிமருந்தை ஒரு பொதுக் கிடங்கில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைத்தார்கள். வேண்டும்போது எடுக்கலாம், ஆனால் கோபம் வந்த நிமிஷத்தில் கைக்கு எட்டாது. கிராமத்தார் அதை ஏற்றுக்கொண்டார்கள், பலனும் நம்பிக்கை தருவதாக இருந்தது என்று 2013-ல் வெளியான அறிக்கை கூறுகிறது. இலங்கை இன்னும் ஒரு படி மேலே போய், கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து, 1995-க்குப் பின் தற்கொலைகளைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது.

இரண்டு பாதை எப்படி வந்தது?

1871-ல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டில் மனநோயாளிகளின் விடுதி, 145 பேரோடு, கீழ்ப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒரே நகரம்தான், ஆனால் அங்கே போனவர்கள் நர்ஸ்கள், இங்கே இருந்தவர்கள் காவலாட்கள். மனநோயாளிக்கு வேண்டியது பணிவிடை அல்ல, காவல்தான் என்று அக்காலத்தார் எண்ணினார்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பள்ளி வைத்தார். அது 1946-ல் பட்டப் படிப்பாகவே உயர்ந்தது. மனநலம் அதிலும் மெதுவாகத்தான் நுழைந்தது. பெங்களூரில் 1954-ல் அகில இந்திய மனநல ஸ்தாபனம் ஏற்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் மனநல நர்ஸிங் டிப்ளமா வந்தது. நர்ஸிங் பட்டப் படிப்பில் மனநலம் கட்டாயப் பாடமானது 1965-ல். மூன்றாண்டு டிப்ளமா படிப்பில் 1986-ல்! இந்தத் தாமதத்தின் கடனைத்தான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

1950-களில் வேலூர் பாகாயத்தில் உருவான மனநல மையம் ஒரு புதுமை செய்தது. நோயாளியுடன் குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்று வைத்தார்கள். வேலையாட்களுக்குப் பதிலாகத் தாயும் மனைவியும் சகோதரனும் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குக் கற்பிப்பது நர்ஸின் வேலையாயிற்று. நம் நாட்டுக்கு மிகப் பொருந்திய ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். விருத்தாசலம் வார்டில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினரைத் தொந்தரவு என்று கருதாமல், பாதி நர்ஸாக ஆக்கிக்கொள்ளலாம் அல்லவா?

கீழ்ப்பாக்கத்தில் சில வாரங்கள்

சிற்றூர்களில் உள்ள நர்ஸ் பள்ளிகளின் மாணவிகள் மனநலப் பயிற்சிக்காகப் பெரிய ஊர்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஸ்தாபனத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். முதல் நாள் பயத்தோடு வாசலில் நிற்பார்கள். சினிமாவில் கண்ட பைத்தியக்காரனைத்தான் அவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு வீட்டுப்பாடம் உண்டு. நோயாளி சொன்னதை ஒரு பத்தியிலும், மாணவி சொன்னதைப் பக்கத்துப் பத்தியிலும், அப்போது மாணவியின் மனத்தில் ஓடியதை மூன்றாவது பத்தியிலும் சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். மறுநாள் ஆசிரியை படித்துப் பார்த்து, "இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்பார். அழுகையைக் கண்டு அஞ்சிப் பேச்சை மாற்றியது காகிதத்தில் அகப்பட்டுக்கொள்ளும். இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை, பத்திரிகைக்காரர்களுக்கும் வைக்கலாம்.

மனநல வார்டில் உடம்பின் ஆபத்து இல்லை என்று நினைப்பதும் தவறு. மின்சிகிச்சையை மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றிச் செய்யக்கூடாது என்று சட்டம் இருப்பதால், அங்கும் மூச்சுப் பாதையைக் காக்கத் தெரிந்த நர்ஸ் வேண்டும். சில மனநோய் மருந்துகள் திடீரெனக் கழுத்தை ஒருபக்கம் முறுக்கிவிடும். கண் மேலே சொருகும். வீட்டார் பேய் என்பார்கள். நர்ஸ் அடையாளம் கண்டுகொண்டால் ஓர் ஊசியில் சரியாகும். காய்ச்சலும் விறைப்புமாக வந்தாலோ அது உயிருக்கே உலை.

கட்டும் துணி

மாணவிகள் மிகவும் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. இன்று சங்கிலி சட்டப்படி கூடாது. மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கட்டுப்படுத்த நேர்ந்தால், வேறு வழியே இல்லை என்று மனநல டாக்டர் அனுமதித்து, காரணத்தை எழுதி, தேவையான நேரம் மட்டுமே செய்யலாம்.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று நோயாளியின் கையைக் கட்டிலோடு துணியால் கட்டுவது சர்வசாதாரணம். அது யாருக்கும் உறுத்துவதில்லை. நான் கேட்கிறேன்: கட்டப்பட்டவருக்கு இரண்டும் வேறு வேறா? முன்பே மிரண்டு போயிருப்பவருக்குக் கட்டு இன்னும் மிரட்சியைத் தரும். மனநலப் பாடம் படித்த நர்ஸ் முதலில் வேறு வழி பார்ப்பார். கையைப் பிடித்துக்கொள்வார், பகலா இரவா என்று சொல்வார், மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுவார், மகளை வரவழைத்துப் பேசச் சொல்வார், இரவில் விளக்கைத் தணிப்பார். வலியா, மூச்சுத் திணறலா என்று பார்ப்பார். ஒன்றும் பலிக்காதபோதுதான் துணி. அதையும் அடிக்கடி அவிழ்த்துப் பார்ப்பார்.

மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை 2001 முதல் உலகெங்கும் பரவியிருக்கிறது. நர்ஸ் பத்து ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்தவேண்டும். ஆங்கில எழுத்தே அறியாத மங்கலம்பேட்டைப் பாட்டியிடம் இதை அப்படியே நடத்தினால் பாட்டி தோற்றுத்தான் போவார். தோற்றது அவர் மூளை அல்ல. இப்படி ஒவ்வொன்றையும் நம் கட்டிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கற்பிப்பதும் பயிற்சியின் வேலைதான்.

ஆள் எங்கே?

தீவிர சிகிச்சையில் சுவாசக் கருவியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நர்ஸ் என்பது கணக்கு. ஏட்டில் உள்ள கணக்கு. இரவு நேரத்தில் சிற்றூர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். மனநல நர்ஸிங்கிலும் தீவிர சிகிச்சை நர்ஸிங்கிலும் ஓராண்டு மேற்பயிற்சிகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் வந்துவிட்டது. படித்துத் திரும்பியவரை அந்த வேலையிலேயே வைத்திருக்க வேண்டும். பிரசவ வார்டில் ஆள் குறைவு என்று அங்கே அனுப்பிவிட்டால் படிப்பு வீண். இரவு முழுவதும் ஒரு சாவைப் பார்த்துவிட்டு, காலையில் பஸ் ஏறும் அந்தப் பெண்ணிடம் "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய மேற்படிப்பும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

மனம் நொந்தவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும், நர்ஸ்களும்தான், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இராப்பகலாக எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இது நடந்துவருகிறது, தமிழிலேயே பேசலாம்.