காதில் பொருந்துவதே முதல் அளவுகோல்: உடல்நல வசதிகள் கொண்ட இயர்பட்களைத் தேர்ந்தெடுத்தல்

பாட்டுக் கேட்பதற்கும் கைப்பேசியில் பேசுவதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்த கம்பியில்லா இயர்பட், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் இதயத் துடிப்பை எண்ணவும், கேட்புத்திறனைச் சோதிக்கவும், செவித்திறன் ஓரளவு குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவியாக உதவவும் வல்ல ஒன்றாக வளர்ந்துள்ளது. ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த பிராகி என்னும் நிறுவனம் 2014-இல் பொதுமக்களிடம் 33 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டி, இதயத் துடிப்பை அளக்கும் 'தி டாஷ்' என்ற இயர்பட்டை உருவாக்கியதும், 2016 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்து கம்பியில்லா இயர்பட்டைப் பெருவழக்காக்கியதும், 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏர்பாட்ஸ் புரோ கருவிக்கான காது கேட்கும் கருவி மென்பொருளுக்கு அனுமதி அளித்ததும் இந்த வளர்ச்சியின் மூன்று படிகளாகும்.

இந்த வசதிகள் விளம்பரங்களில் தனித்தனிச் சிறப்புகளாக அடுக்கப்பட்டாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே நிபந்தனையைச் சார்ந்து இயங்குகின்றன: கருவி செவிக்குழலை இடைவெளியின்றி மூடி, தலை அசையும்போதும் இடம் பெயராமல் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்காத கருவியில் இசையின் கனம் குறைகிறது, இரைச்சல் நீக்கம் தளர்கிறது, துடிப்பின் எண்ணிக்கை பிழையாகிறது, கேட்புச் சோதனையும் நம்பகத்தன்மையை இழக்கிறது. ஆகவே, வசதிகளின் பட்டியலைப் படிப்பதற்கு முன் தன் காதின் அமைப்பைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது வாங்குபவருக்கு மிகுந்த பயன் தரும்.

கருவியின் உள்ளே

ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள இயர்பட் ஒன்றினுள் காந்தமும் கம்பிச் சுருளும் மெல்லிய அதிர்தகடும் கொண்ட ஒலிபெருக்கி, இரண்டு அல்லது மூன்று ஒலிவாங்கிகள், லித்தியம் அயனி பேட்டரி, அலைவாங்கி, அசைவுகளை உணரும் முடுக்கமானி ஆகியவை அடைக்கப்பட்டுள்ளன. உடல்நல வகைக் கருவிகளில் இவற்றுடன் தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சும் உணரியும் சேர்கிறது. கைப்பேசிக்கும் இதற்கும் இடையிலான தொடர்பை ஏற்படுத்தும் புளூடூத் தொழில்நுட்பம், ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய முயற்சியின் விளைவாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 சிறு தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறிக்கொண்டே தகவலை அனுப்புவதால், அருகிலுள்ள வைஃபை, பிற புளூடூத் கருவிகள் ஆகியவற்றின் குறுக்கீட்டை அது பெருமளவு தவிர்த்துவிடுகிறது.

குறுந்தகட்டின் தரத்திலுள்ள இசைக்கு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் தேவைப்பட, புளூடூத் வழியே அவ்வளவும் செல்ல இயலாததால், ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் 'கோடெக்' என்னும் முறை கையாளப்படுகிறது. எஸ்பிசி எல்லாக் கருவிகளிலும் உள்ள அடிப்படை முறையாகும். ஏஏசி ஆப்பிள் கைப்பேசிகளில் வழங்குவது. சோனியின் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்ப வல்லது. கைப்பேசியும் இயர்பட்டும் ஒரே கோடெக்கை ஏற்கும்போதுதான் அது பயன்படும் என்பதால், தன் கைப்பேசி ஏற்காத உயர்வகைக் கோடெக்கிற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவாகும். 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்னும் புதிய முறை குறைந்த மின்சாரத்தில் நல்ல ஒலியைத் தருவதோடு, 'ஆராகாஸ்ட்' என்ற பெயரில் ஒரே ஒலியைச் சுற்றியுள்ள பலரது கருவிகளுக்கு ஒருசேர ஒலிபரப்பவும் இடமளிக்கிறது. விமான நிலைய அறிவிப்பையோ அரங்கச் சொற்பொழிவையோ நேரடியாகக் காதில் பெற இயல்வதால், செவித்திறன் குறைந்தவர்களுக்கு இது பெரும் துணையாகும்.

செவிக்குழலும் அடைப்பும்

வளர்ந்த மனிதரின் செவிக்குழல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. அது நேர்க்குழாயாக இல்லாமல் சற்று வளைந்தும், குறுக்குவெட்டில் நீள்வட்டமாகவும் அமைந்துள்ளது. ஆளுக்கு ஆள் மட்டுமின்றி, ஒரே ஆளின் வலக் காதுக்கும் இடக் காதுக்கும் இடையிலும் அதன் அளவு வேறுபடக்கூடும் என்பதால், பெட்டியில் தரப்படும் சிலிக்கோன் முனைகளில் இரு காதுகளுக்கும் வெவ்வேறு அளவுகளைப் பொருத்திப் பார்ப்பது முறையான செயலாகும்.

தாழ்ந்த சுருதி கொண்ட ஒலிகள் செவிக்குழலில் அடைபட்ட காற்றை மெதுவாக அழுத்தியும் தளர்த்தியும் உணரப்படுபவை. முனைக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியேறி, மிருதங்கத்தின் இடந்தலை ஒலியும் பேஸ் கிட்டாரின் ஒலியும் மெலிந்துபோகின்றன. அடைப்பு சரியாக உள்ளதா என்பதை அறிய, இயர்பட்டை மாட்டிக்கொண்டு இயல்பான குரலில் சில சொற்களைப் பேசிப் பார்க்கலாம். தாடை எலும்பின் வழியாகச் செவிக்குழலுக்குள் வரும் சொந்தக் குரலின் அதிர்வு வெளியேற வழியின்றித் தங்குவதால், குரல் உள்ளிருந்து முழங்குவதுபோல் கேட்டால் அடைப்பு நன்றாக அமைந்துள்ளது என்று பொருள். பிறகு வாயை அகலத் திறந்து மூடியும், தலையைப் பக்கவாட்டில் அசைத்தும், அந்த நிலை மாறாதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரைச்சல் நீக்கமும் இந்த அடைப்பையே சார்ந்துள்ளது. வெளியிலிருந்து வரும் ஒலியலையை ஒலிவாங்கி பதிவுசெய்ய, அதற்கு நேர் எதிரான அலையை ஒலிபெருக்கி எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இந்த முறைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது இதைத் தலைக்கருவியில் புகுத்த எண்ணிய அமர் போஸின் நிறுவனம், 1989-இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சினின் உறுமல், ஏசியின் ஓசை போன்ற சீரான தாழ்சுருதி ஒலிகளையே இந்த முறை சிறப்பாக நீக்குகிறது. அழும் குழந்தையின் குரல், பாத்திரம் உருளும் ஓசை போன்ற உயர்சுருதி ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் முனையின் அடைப்புத்தான்.

காதில் துடிப்பை எண்ணுதல்

இதயம் ஒருமுறை சுருங்கும்போது தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் குருதி பெருகுகிறது, விரியும்போது குறைகிறது. தோலின்மேல் பாய்ச்சப்படும் ஒளியில் குருதி உறிஞ்சிக்கொள்ளும் அளவும் அதற்கேற்பக் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை எண்ணி இதயத் துடிப்பைக் கணக்கிட முடிகிறது. 2025-இல் வெளிவந்த பவர்பீட்ஸ் புரோ 2 இதற்காக நொடிக்கு நூறு முறைக்கு மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. அதே ஆண்டு வந்த ஏர்பாட்ஸ் புரோ 3 கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு 256 முறை பாய்ச்சுகிறது. 2024-இல் வந்த சென்ஹைசரின் மொமென்டம் ஸ்போர்ட் துடிப்புடன் உடல் வெப்பத்தையும் அளக்கிறது.

மணிக்கட்டைவிடக் காது இத்தகைய அளவீட்டிற்குச் சில வகைகளில் ஏற்ற இடமாகும். ஓடும்போது கைகள் வீசப்படும் அளவுக்குத் தலை அசைவதில்லை. குளிரில் கையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போதும் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் பெரிதும் குறைவதில்லை. ஆயினும் கருவி தளர்வாக இருந்தால் வெளியொளி உள்ளே புகுவதோடு, ஒவ்வொரு காலடியிலும் அது அதிர்ந்து, காலடிகளின் எண்ணிக்கையையே இதயத் துடிப்பாகக் காட்டும் பிழையும் நேரலாம். மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 நொடிகளுக்கு நாடித்துடிப்பை எண்ணி இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் எண்ணையும் கருவி காட்டும் எண்ணையும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போது ஒருமுறையும் வேகநடையை முடித்து நின்றவுடன் ஒருமுறையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய, நம்பத்தக்க சோதனையாகும்.

இந்த அளவீடு உடற்பயிற்சியின் தீவிரத்தை அறிந்துகொள்ளப் பயன்படுமேயன்றி, இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈசிஜிக்கு மாற்றாகாது. மேலும், கைக்கடிகாரம் நாள் முழுவதும் அணியப்படுவது. இயர்பட்டோ சில மணி நேரமே காதில் இருப்பது. ஆதலால், இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தை ஏற்கெனவே அணிபவருக்கு, இந்த வசதிக்காக மட்டும் இயர்பட்டில் கூடுதலாகச் செலவிடுவதால் கிடைக்கும் பயன் சிறிதே.

கேட்புத்திறனும் அதன் காப்பும்

செவித்திறன் குறையத் தொடங்குபவர்களில் பலர் "பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்றே முதலில் சொல்கின்றனர். முதுமையாலும் இரைச்சலாலும் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்சுருதியில் வலுவாக ஒலிக்க, 'ச', 'ஸ' போன்ற மெய்யொலிகள் உயர்சுருதியில் மெலிதாக அமைவதால், சொல்லின் ஓசை காதில் விழுந்தும் சொல் பிடிபடாமல் போகிறது. வெவ்வேறு சுருதிகளில் மெல்லிய ஒலிகளை எழுப்பி, ஒவ்வொரு காதும் கேட்கும் மிகக் குறைந்த அளவைக் குறிப்பதே கேட்புச் சோதனையாகும். அதன் முடிவைக் கொண்டு, குறைந்துள்ள சுருதிகளை மட்டும் தேவையான அளவு உயர்த்திக் கேட்கச் செய்வது காது கேட்கும் கருவியின் பணி.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், மருத்துவரின் சீட்டு இல்லாமலே மிதமான குறைபாடுள்ள பெரியவர்கள் காது கேட்கும் கருவியை வாங்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின்கீழ் அனுமதி பெற்ற முதல் மென்பொருள் ஏர்பாட்ஸ் புரோ கருவிக்கானதாகும். 118 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், தாமே அமைத்துக்கொண்டவர்களும் வல்லுநரால் அமைக்கப்பெற்றவர்களும் ஒத்த பயனைப் பெற்றதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெரிவித்தது. இந்த வசதி 18 வயது நிரம்பிய, சிறிதளவு முதல் நடுத்தர அளவு வரையிலான குறைபாடுள்ளவர்களுக்கே உரியது. ஒவ்வொரு நாட்டிலும் தனி அனுமதி தேவைப்படுவதால், தம் நாட்டில் அது இயங்குகிறதா என்பதை உறுதிசெய்துகொண்டே வாங்க வேண்டும். ஒரு காதில் மட்டும் கேட்புத்திறன் குறைதல், திடீரெனக் காது கேளாமற்போதல், காதில் வலி அல்லது சீழ், தலைசுற்றல் ஆகியவை உள்ளவர்கள் கருவியை நாடாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை உடனடியாக அணுக வேண்டும்.

இருக்கும் கேட்புத்திறனைக் காப்பது இவை அனைத்தினும் முதன்மையானது. உட்செவியின் நத்தை வடிவச் சுருளில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வெளியிட்ட வரையறையின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு இந்த அளவு 75 டெசிபல். ஒலி மூன்று டெசிபல் கூடும்போது அதன் ஆற்றல் இரட்டிப்பாவதால், பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரமும், 90 டெசிபலில் நான்கு மணி நேரமுமே ஒரு வாரத்திற்கான அளவாகும்.

பேருந்தின் இரைச்சலை மிஞ்சுவதற்காக ஒலியைக் கூட்டுவதே பலரது காதுகளுக்குத் தீங்காக முடிகிறது. நல்ல அடைப்பும் இரைச்சல் நீக்கமும் உள்ள கருவியில் தாழ்ந்த ஒலியிலேயே சொற்கள் தெளிவாகக் கேட்பதால், இரைச்சல் நீக்கத்தைச் சொகுசாகக் கருதாமல் உடல்நல வசதிகளுள் முதலாவதாகவே கொள்ள வேண்டும். கேட்ட அளவை வாரந்தோறும் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதியும், உச்ச ஒலிக்கு வரம்பிடும் வசதியும் இதற்கு அடுத்த இடத்தைப் பெறுகின்றன. சாலையில் நடக்கும்போது மட்டும், வெளியொலியை உள்ளே அனுமதிக்கும் நிலைக்கு மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

நீடித்த பயன்பாடு

நீர்த்தடுப்பைக் குறிக்கும் ஐபி தரத்தில், ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீரையும், ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் 30 நிமிடம் மூழ்குவதையும் தாங்கும் என்பதைக் காட்டும். இச்சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. வியர்வையின் உப்பு சார்ஜ் முனைகளை அரிக்கக்கூடும் என்பதால், பயிற்சிக்குப் பின் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சார்ஜ் செய்யும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். காதுக்குறும்பி வலைத்துளைகளை அடைத்தால் ஒலி மங்குவதோடு ஒலிவாங்கியும் பிழையாக அளக்கும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான உலர் தூரிகையால் துடைப்பதே முறை, ஊசியால் குத்துவது வலையைக் கிழித்துவிடும். ஒருவர் மாட்டியதைப் பிறருக்குக் கொடுப்பது காதுத் தொற்றுக்கு வழிவகுக்கும்.

பேட்டரி சில நூறு முறை சார்ஜ் செய்யப்பட்ட பின் திறன் குறையத் தொடங்குகிறது. பெரும்பாலான இயர்பட்களில் அதை மாற்ற வழியில்லாததால், மற்ற உறுப்புகள் நன்றாக இருந்தும் கருவி குப்பைக்குப் போகிறது. 2024-இல் வந்த ஃபேர்பட்ஸ் என்னும் கருவியில் பயனரே பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம் என்பது இது இயலாத செயலன்று என்பதற்குச் சான்றாகும். உடல் பற்றிய தகவல்கள் கைப்பேசியிலேயே தங்குகின்றனவா, நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றனவா, வேண்டும்போது அழிக்க முடியுமா என்பவற்றையும் செயலியின் அமைப்புகளில் பார்த்துத் தெளிய வேண்டும்.

எனவே தேர்வின் வரிசை இவ்வாறு அமைவது நலம்: முதலில் இரு காதுகளிலும் வலியின்றிப் பொருந்துதல், அடுத்து இரைச்சல் நீக்கமும் ஒலி வரம்பும், அதன்பின் தன் கைப்பேசியோடு முழுமையாக இயங்குதல், இறுதியாகத் தன் வாழ்க்கைக்கு உண்மையிலேயே தேவைப்படும் உணரிகள். காதில் சரியாகப் பொருந்தி, குறைந்த ஒலியில் தெளிவாகக் கேட்கச் செய்யும் எளிய கருவி, பொருந்தாத காதில் பத்து வசதிகளைச் சுமந்து நிற்கும் விலையுயர்ந்த கருவியைவிட உடல்நலத்திற்குக் கூடுதலான நன்மையைச் செய்யும்.