நெல் ஜெயராமன்: விதை கொடுத்த அண்டை வயல்காரர்

நாஞ்சில் நாட்டு நெல் உழவருக்கு உறவினரைவிட நெருங்கியவர் அடுத்த வயல்காரர்தான். மடைத் தண்ணீரை மாற்றி விடுபவர் அவர். நடவன்று நாற்று போதவில்லையென்றால் பத்து முடி கொடுத்து உதவுபவர் அவர். விதை முளைக்காமல் போன வருடத்தில் நம் மானத்தைக் காப்பவரும் அவரே.

அத்தகைய ஒருவர் மறைந்தால் அவரோடு வேறொன்றும் போய்விடுகிறது. காரியங்கள் முடிந்து பத்தாயத்தைத் திறக்கும்போது, எது விதைநெல், எது சாப்பாட்டு நெல் என்று சொல்ல அவர் இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து அரிசி ஆலைக்குப் போகும். ஒரு ரகம் அந்த ஏலாவிலிருந்து அத்துடன் மறைந்துவிடும்.

தமிழகத்தின் சிறு உழவர்கள் அனைவருக்கும் இத்தகைய அண்டை வயல்காரராக விளங்கியவர் 'நெல்' ஜெயராமன். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேடு அவரது ஊர். 2018 டிசம்பர் 6-ம் நாள் புற்றுநோயால் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

இரண்டு கிலோவும் நான்கு கிலோவும்

2003-ல் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் மேற்கொண்டார். அதில் கலந்துகொண்ட ஜெயராமனுக்கு, வழியில் உழவர்கள் சிலரிடமிருந்து பழைய நெல் ரகங்கள் கிடைத்தன. அதுவே தொடக்கம். அவர் பெயருக்கு முன்னால் 'நெல்' என்று சேர்த்தவரும் நம்மாழ்வாரே.

2006 முதல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வரும் உழவருக்கு 2 கிலோ விதை தருவார். அதற்கு விலை கிடையாது. விதைத்து அறுத்தபின் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இருவருக்குப் போகும். இம்முறையால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, குடவாழை என ஏறத்தாழ 170 ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன.

இம்முறையின் சிறப்பு எளிமையானது. விதை ஒருவர் வீட்டில் மட்டும் தங்கவில்லை. ஆகையால் அவர் மறைந்தபோது நெல் மறையவில்லை. 2021-ல் தமிழக அரசு தனது வேளாண் நிதிநிலை அறிக்கையில், பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்திற்கு அவர் பெயரையே சூட்டியது.

பழைய ரகம் எதற்கு?

கூடுதல் மகசூல் தரும் புதிய ரகங்கள் இருக்கையில் இவை எதற்கு என்று உழவர்கள் கேட்பது நியாயமே. 1966-ல் வெளிவந்து நாட்டின் பஞ்சத்தைப் போக்க உதவிய ஐ.ஆர். 8 ரகம், இந்தோனேசியாவின் பீட்டா, தைவானின் டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற இரு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கப்பட்டது. அவற்றை யாரோ பெயர் தெரியாத உழவர்கள் காப்பாற்றி வைத்திராவிட்டால் ஐ.ஆர். 8 பிறந்திராது.

எனினும் முழு வயலையும் உடனே மாற்றிவிடக் கூடாது. முதல் ஆண்டு 5 சென்டில் மட்டும் பயிரிட்டுப் பார்க்கவும். நமது கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரையே தண்ணீர் கிடைக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறக்குறைய 160 நாளும், காட்டுயானத்திற்கு 180 நாளும் தேவை. இரு போகம் எடுக்கும் வயலுக்கு இவை ஒத்து வரா. பகல் குறுகினால் மட்டுமே பூக்கும் சம்பா ரகங்களைக் கன்னிப்பூவில் விதைத்தால் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். நெட்டை ரகங்களுக்கு யூரியாவை அள்ளி இட்டால் சாய்ந்துவிடும்.

விதை சேமிக்கும் முறை

நெல் தன் மகரந்தச் சேர்க்கையால் விளைவது. ஆகவே சிறு உழவரும் வீட்டிலேயே தரமான விதை எடுக்கலாம்.

1. விதைக்கென்று ஒதுக்கிய பாத்திக்கும் பிற ரகத்துக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி விடவும்.

2. தூர் கட்டும்போது, பூக்கும்போது, அறுவடைக்கு முன் என மூன்று முறை கலவன்களைப் பிடுங்கி நீக்கவும்.

3. கதிரில் 80 முதல் 85 சதம் மணிகள் வைக்கோல் நிறத்திற்கு வந்ததும் அறுக்கவும். உச்சி வெயிலைத் தவிர்த்து, ஈரப்பதம் 13 சதத்திற்கு மிகாமல் காய வைக்கவும்.

4. கோணிகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்கவும். ரகத்தின் பெயரையும் அறுத்த தேதியையும் எழுதி ஒரு சீட்டைக் கோணிக்குள்ளும் மற்றொன்றை வெளியிலும் வைக்கவும்.

5. விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்பு 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்கவும். 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். சில பழைய ரகங்களுக்கு அறுத்த சில வாரங்கள் வரை விதை உறக்கம் இருக்கும். உடனே சோதித்துவிட்டு விதை கெட்டது என்று கருத வேண்டாம்.

6. விதைக்கும் முன் 10 லிட்டர் நீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து விதையை இடவும். மிதக்கும் பதர்களை நீக்கி, மூழ்கியவற்றை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கவும்.

இவற்றுடன் ஜெயராமன் காட்டிய ஏழாவது முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேமித்த விதையில் இரண்டு கிலோவை அடுத்த வயல்காரருக்குக் கொடுக்கவும். காற்றில் ஈரம் மிகுந்த நம் மாவட்டத்தில் பத்தாயத்து விதை ஓராண்டைக் கடந்தால் முளைப்புத் திறன் குறையும். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் விதைத்தால்தான் ரகம் உயிரோடு இருக்கும். இந்த ஆண்டு உங்களால் முடியாவிட்டால் அவர் விதைப்பார். அவருக்கு முடியாத ஆண்டில் உங்கள் வீட்டிலிருந்து போகும். கோணியில் இருக்கும் சீட்டை வீட்டில் இளையவர்களுக்கும் காட்டி வையுங்கள்.

அவர் மறைந்த டிசம்பர் முதல் வாரம், கும்பப்பூப் பயிர் வயலில் நிற்கும் காலம். பூக்கும் தருணத்தில் கலவன் எடுக்க உகந்த நேரமும் அதுவே. அன்று அடுத்த வயல்காரரையும் அழைத்துக்கொண்டு விதைப் பாத்திக்குள் இறங்குங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலைதான்.